டம்மல் ஆற்றில் முதலில் கிரேலிங், பிறகு சால்மன்: ஃபிளை தூண்டில் கற்க ஒரு வழி

ஸ்காட்லாந்தின் பிட்லாக்ரிக்குத் தூண்டிலோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் சால்மனை நினைத்துத்தான் வருகிறார்கள். புதிதாகக் கற்க விரும்பும் யார் என்னிடம் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதல் குளிர்காலத்தைக் கிரேலிங்குக்குக் கொடுங்கள். சால்மனை அடுத்த வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் எளிது. கிரேலிங் ஆற்றிலேயே பிறந்து, ஆற்றிலேயே இரை தின்று வாழும் மீன். உங்கள் ஃபிளை, அதாவது முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்த போலிப்பூச்சி, சரியான ஆழத்தில், சரியான வேகத்தில் போனால் அது வாய் வைக்கும், போகாவிட்டால் வைக்காது. நீங்கள் செய்தது சரியா தவறா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும். சால்மன் அப்படியல்ல. கடலில் தின்று கொழுத்து, முட்டையிடுவதற்காக ஆறேறி வருவது அது. நன்னீருக்குள் வந்தபின் இரை எடுப்பதே இல்லை. நன்றாக வீசியவருக்கும் நாள் முழுக்க ஒன்றும் கிடைக்காமல் போகலாம், சுமாராக வீசியவருக்கு மதியத்தில் ஒன்று மாட்டலாம். பதில் சொல்லாத மீனிடம் பாடம் கற்பது கடினம். ஆறு எங்கே ஆழம், எங்கே நடக்கலாம், மீன் எங்கே ஒதுங்கும் என்பதையெல்லாம் கிரேலிங் சொல்லிக்கொடுத்துவிட்டால், சால்மனுக்குப் புதிதாகக் கற்க வேண்டியது பாதிதான்.

இடம்

டம்மல், டே ஆற்றின் துணையாறு. பிட்லாக்ரி ஊரை ஒட்டி ஓடி, சில மைல் தெற்கே பாலின்லுயிக் அருகே டே ஆற்றில் கலக்கிறது. ஏ9 நெடுஞ்சாலை பக்கத்திலேயே வருகிறது. பெர்த்திலிருந்து இன்வர்னஸ் போகும் ரயிலில் ஏறினால் அரை மணி நேரப் பயணம், ஸ்டேஷனிலிருந்து ஆற்றங்கரைக்குப் பொடிநடை. நான் டண்டீயில் வேலை பார்க்கிறவன். வண்டி ஓட்ட மனமில்லாத நாட்களில் கோலை நான்காக மடக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலில்தான் போகிறேன். இவ்வளவு எளிதாகப் போய்ச் சேரக்கூடிய, கிரேலிங்கும் சால்மனும் இரண்டும் உள்ள ஆறுகள் அதிகமில்லை.

போனவுடன் கோலைப் பிரிக்காதீர்கள். போர்ட்நகிரெய்க் தொங்குபாலம் என்று ஒன்று உண்டு, 1913-இல் கட்டியது. அதன் நடுவில் நின்று பத்து நிமிடம் கீழே பாருங்கள். நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியைத் தடுக்கும் போலராய்டு கண்ணாடி கட்டாயம். ஓட்டத்தின் வேகமான கயிறு போன்ற பகுதி எது, அதன் ஓரத்தில் நீர் தளரும் இடம் எது, கூழாங்கல் மேடு முடிந்து தரை சரியும் இடம் எது என்று மேலிருந்து தெளிவாகத் தெரியும். கரையில் நின்றால் இதில் பாதி தெரியாது.

பாலத்துக்குச் சற்று மேலே பிட்லாக்ரி அணை. 1947-க்கும் 1951-க்கும் இடையே நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்டது. அதன் பக்கவாட்டில் 34 தொட்டிகளைக் கொண்ட மீன் ஏணி இருக்கிறது. சால்மன் ஒவ்வொரு தொட்டியாக ஏறி மேலே உள்ள ஏரிக்குப் போகிறது. இந்த அணையால் உங்களுக்கு நேரடியான விளைவு ஒன்று உண்டு. மின் உற்பத்திக்காகத் தண்ணீரைத் திறந்தால் மழையே இல்லாத நாளிலும் ஆறு திடீரென்று ஏறும். ஆகவே இறங்கியவுடன் கரையோரத்தில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் நனைந்தால் உடனே கரையேறுங்கள், மீன் வாய் வைத்துக்கொண்டிருந்தாலும் சரி. தீவுத் திட்டுக்கு நடந்து போய் அங்கிருந்து வீசும் ஆசையை விட்டுவிடுங்கள். ஸ்காட்லாந்து சுற்றுச்சூழல் காப்பு முகமையின் தளத்தில் நீர்மட்டம் தெரியும். வீட்டை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள்.

அனுமதி

இங்கிலாந்தில் வேண்டியதுபோல அரசின் தூண்டில் உரிமம் ஸ்காட்லாந்தில் கிடையாது. ஆனால் ஆற்றின் ஒவ்வொரு துண்டுக்கும் உரிமையாளர் உண்டு; அந்தத் துண்டைப் பீட் என்பார்கள். எழுத்துமூல அனுமதி இல்லாமல் சால்மனுக்குத் தூண்டில் போடுவது குற்றம். பிட்லாக்ரி ஆங்லிங் கிளப் போன்ற சங்கங்கள் நாள் அனுமதிச்சீட்டு விற்கின்றன. கிரேலிங் சீட்டு மலிவு. சால்மனுக்கு அதைவிடப் பல மடங்கு. டே ஆற்றின் பேர்பெற்ற பீட்களில் ஒரு நாளைக்கே நூற்றுக்கணக்கான பவுண்டு ஆகும். முதலில் கிரேலிங் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டே ஆற்றுத் தொகுதியில் சால்மன் காலம் ஜனவரி 15 முதல் அக்டோபர் 15 வரை. ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்குத் தூண்டில் போடக்கூடாது, ஸ்காட்லாந்து முழுக்க இதே சட்டம். கிரேலிங்குக்குச் சட்டப்படி மூடுகாலம் இல்லை, சங்கங்கள் தாங்களே காலம் வகுத்துக்கொள்கின்றன. சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் விதிகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

கிரேலிங்

கிரேலிங் சால்மன் குடும்பத்தைச் சேர்ந்தது. முதுகில் விசிறிபோல விரியும் பெரிய துடுப்பைப் பார்த்தால் வேறெந்த மீனோடும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். ஸ்காட்லாந்துக்கு இது 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்ட மீன். வசந்தத்தில் முட்டையிடுவதால், டிரவுட்டும் சால்மனும் ஓய்ந்து கிடக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு உச்சமான உடற்கட்டு. தண்ணீர் 4 பாகை செல்சியஸுக்கு இறங்கினாலும் இரை எடுக்கும். முக்கால் அடியிலிருந்து ஒன்றேகால் அடி வரை சாதாரணமாகக் கிடைக்கும். ஒரு கிலோ மீன் கிடைத்தால் அந்த வருடம் முழுக்க அதைப் பற்றிப் பேசலாம்.

பத்தடி நீளம், 3-ஆம் எண் கோல் போதும் (எண் சிறிதானால் கோல் லேசானது). ஒன்பதடி 5-ஆம் எண் ஏற்கெனவே வைத்திருந்தால் புதிதாக வாங்க வேண்டாம். வீச்சுக்கு எடை தரும் தடித்த கயிறான ஃபிளை லைன் தண்ணீரில் படாமல், அதன் முனையில் கட்டும் நீண்ட நைலான் நரம்பை மட்டும் வைத்து மீன் பிடிக்கும் முறையைத்தான் முதலில் கற்க வேண்டும். நரம்பு கோலைவிடக் கொஞ்சம் நீளம் இருக்கட்டும். அதன் நடுவே ஒரு முழ நீளத்துக்குப் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் நரம்பு. கண் வைக்க வேண்டியது அதன் மேல்தான். அதற்குக் கீழே மூன்று நான்கு பவுண்டு தாங்கும் மெல்லிய ஃபுளோரோகார்பன் நரம்பு. முனையில் டங்ஸ்டன் மணி கோத்த கனமான நிம்ஃப் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சியைப் போலக் கட்டிய ஃபிளை) ஒன்று, அதற்கு ஒன்றரை அடி மேலே கிளை நரம்பில் லேசான ஒன்று.

என்ன ஃபிளை? பெட்டி நிறைய வேண்டாம். ஃபெசன்ட் டெய்ல், ஹேர்ஸ் இயர், இளஞ்சிவப்பு நிறத்தில் இறால் போல ஒன்று. இவற்றோடு கில்லர் பக். இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் கிரேலிங்குக்காகவே கட்டியது அது. கம்பி மேல் சுற்றிய சாம்பல் பழுப்புக் கம்பளி நூல், அவ்வளவுதான். நனைந்ததும் மங்கிய இளஞ்சிவப்பாக மாறும். 14 முதல் 18 எண் வரையிலான சின்ன முள்ளில் கட்டியதை வாங்குங்கள், கிரேலிங் வாய் சிறியது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள்.

இடம் தேர்வதுதான் பாதி வேலை. இடுப்பளவு ஆழம், மனிதன் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓட்டம், அடியில் கூழாங்கல்: இது மூன்றும் சேர்ந்த இடத்தைத் தேடுங்கள். குளிர் கூடக் கூடக் கூட்டம் இன்னும் ஆழமான, இன்னும் மெதுவான நீருக்கு இறங்கும். கிரேலிங் கூட்டமாக வாழ்வதால், ஒன்று கிடைத்தால் நகராதீர்கள். அரை மணி நேரம் ஒன்றும் இல்லையென்றால் தயங்காமல் நகருங்கள்.

ஓட்டத்தை எதிர்நோக்கி நின்று, மேல்நோக்கி மூன்று நான்கு கஜ தூரத்துக்கு வீசுங்கள், அதற்கு மேல் வேண்டாம். ஃபிளை விழுந்ததும் கோல் முனையை உயர்த்தி நரம்பின் தொய்வை எடுத்துவிடுங்கள். ஃபிளை உங்களை நோக்கி மிதந்து வரும் அதே வேகத்தில் கோல் முனையும் வரட்டும். இழுக்கவும் கூடாது, பின்தங்கவும் கூடாது. நிம்ஃப் அவ்வப்போது தரையைத் தொட வேண்டும். ஒருமுறைகூடத் தொடவில்லையென்றால் கனம் போதாது, ஒவ்வொரு முறையும் சிக்கினால் கனம் அதிகம். 2.5, 3, 3.5 மில்லிமீட்டர் மணிகள் கொண்டவற்றை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பாருங்கள். மீன் பிடிப்பவருக்கும் பிடிக்காதவருக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த அரை மில்லிமீட்டர்தான், ஃபிளையின் நிறம் அல்ல.

அந்த ஆரஞ்சு நரம்பு நின்றாலும், துடித்தாலும், ஓட்டத்தைவிட மெதுவாகப் போனாலும், உடனே மணிக்கட்டை லேசாக உயர்த்துங்கள். கல்லாக இருந்தாலும் பரவாயில்லை. என் மச்சான் தாமிரபரணிக் கரையில் தக்கை போட்டு வளர்ந்தவர். தக்கை அசைந்த கணமே வெட்டி இழுக்கும் கை அவருடையது. பர்மிங்ஹாமிலிருந்து முதன்முறை இங்கே வந்த அன்று மதியத்துக்குள் எனக்கு ஈடாகப் பிடித்துவிட்டார். "இது நம்ம ஊர்ப் பழக்கந்தான் மச்சான், தக்கைக்குப் பதிலா கலர் நரம்பு, அவ்வளவுதானே" என்றார். சரிதான். நம் ஆறுகளில் தக்கை பார்த்துப் பழகிய கண்ணும் கையும் உள்ளவர்கள் இந்த முறையை மிக விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள்.

குளிர்காலத்தில் மேல்மட்ட ஃபிளைக்கு வேலை இல்லை என்று நினைக்காதீர்கள். காற்றில்லாத, கொஞ்சம் இதமான நாளில் பகல் 11 மணி முதல் 2 மணி வரை ஆலிவ் நிறச் சிறு பூச்சிகள் நீரிலிருந்து எழும். கிரேலிங் தரையில் கிடந்தபடியே பார்த்து, நேர்செங்குத்தாக மேலேறி வந்து எடுக்கும். அவ்வளவு தூரம் ஏறி வருவதால் பலமுறை குறி தப்பும். தப்பினால் மீன் பயந்துவிட்டது என்று பொருளல்ல, திரும்ப அதே இடத்தில் வீசுங்கள். இதற்குக் கிளிங்க்ஹாமரைப் போல வேறொன்றில்லை. ஹன்ஸ் வான் கிளிங்கன் என்ற டச்சுக்காரர் 1980-களில் நார்வேயின் குளொம்மா ஆற்றுக் கிரேலிங்குக்காக உருவாக்கியது. அதன் உடல் நீருக்குள் தொங்க, மேலே வெள்ளை முடி மட்டும் தெரியும். தெரிவது உங்களுக்கு, தொங்குவது மீனுக்கு.

டிசம்பரில் எட்டரை மணிக்கு மேல்தான் விடியும், மூன்றரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஆகவே அதிகாலையில் எழுந்து ஓடுவதில் பயனில்லை; பத்து மணிக்கு ஆற்றில் இருந்தால் போதும். கோல் வளையங்களில் பனி உறைந்தால் விரலால் உடைக்காமல் கோலை நீருக்குள் முக்கி எடுங்கள். மார்பு வரை வரும், ஆற்றில் இறங்க அணியும் நீர் புகாத வேடர் (wader) உடைக்கு மேல் இடுப்புப் பட்டை இறுக்கமாக இருக்கட்டும், விழுந்தால் தண்ணீர் உள்ளே நிறையாமல் காப்பது அதுதான். கையில் ஊன்றுகோல் ஒன்று.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நவம்பர், டிசம்பரில் சால்மன் கூழாங்கல்லைத் தோண்டி முட்டையிட்டிருக்கும். சுற்றிலும் பாசி படிந்த கருத்த கற்கள், நடுவே கழுவி வைத்ததுபோல வெளிறிய கற்கள் கொண்ட நீள்வட்டத் திட்டு தெரிந்தால் அது முட்டைக் குழி. வசந்தம் வரை அதற்குள் உயிர் இருக்கிறது. அதன் மேல் கால் வைக்காதீர்கள். அதை ஒட்டி நிற்கும் மீனுக்கு வீசவும் வேண்டாம். கிரேலிங் நிம்ஃபில் முட்டையிட்டு மெலிந்த சால்மன் மாட்டுவதும் உண்டு. வெள்ளிபோல மின்னும், ஆனால் வயிறு ஒட்டித் தலை பெரிதாகத் தெரியும். தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும், வைத்துக்கொள்வது சட்டவிரோதம்.

சால்மன்

மார்ச் கடைசியில், கிரேலிங் முட்டையிடத் தயாராகும்போது, அதை விட்டுவிட்டுச் சால்மனுக்கு வாருங்கள். தண்ணீர் ஐந்தாறு பாகைக்குக் கீழே இருக்கும்வரை சால்மன் தடைகளை ஏறத் தயங்கும். கடலிலிருந்து வந்த வசந்தகால மீன்கள் அதனால் அணைக்குக் கீழே கொஞ்ச நாள் தங்குகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் போர்ட்நகிரெய்க் நீர் பேர்பெற்றதற்குக் காரணம் இதுதான்.

இங்கே கோல் மாறுகிறது. 13 அல்லது 14 அடி, இரண்டு கையாலும் பிடிக்கும் 9-ஆம் எண் கோல். பின்னால் மரங்கள் நிற்பதால் லைனைப் பின்னுக்கு வீச இடமிருக்காது; ஸ்பே ஆற்றங்கரையில் பிறந்த ஸ்பே வீச்சு இதற்காகவே. லைனின் நுனியைத் தண்ணீரில் ஊன்றி, முதுகுக்குப் பின்னால் ஒரு வளைவை உருவாக்கி, அதன் இழுவிசையில் முன்னோக்கி எறிவது. எழுத்தில் இதைக் கற்பிக்க முடியாது. தேர்ந்த பயிற்றுநர் ஒருவரிடம் அரை நாள் கற்றுக்கொள்ளுங்கள். கோலும் லைனும் அன்றைக்கு அவரே தருவார். ஒன்றை மட்டும் இங்கேயே மனதில் வையுங்கள். காற்று ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி அடித்தால் சிங்கிள் ஸ்பே, ஓட்டத்தோடு கீழ்நோக்கி அடித்தால் டபுள் ஸ்பே. மாற்றிச் செய்தால் காற்று முள்ளை உங்கள் முகத்துக்குக் கொண்டுவரும். கண்ணாடி இல்லாமல் ஒருமுறைகூட வீசாதீர்கள்.

ஃபிளையைத் தீர்மானிப்பது தண்ணீரின் குளிர். 9 பாகைக்குக் கீழே இருந்தால் மூழ்கும் நுனி கொண்ட லைனில் வில்லி கன் என்ற பெரிய டியூப் (சிறு குழாய் மேல் கட்டிய ஃபிளை): கருப்பு, மஞ்சள், ஆரஞ்சு முடி. அதற்கு மேலே போனால் மிதக்கும் லைனில் 8 அல்லது 10-ஆம் எண் முள்ளில் கட்டிய கஸ்கேட் அல்லது ஆலிஸ் ஷ்ரிம்ப். இந்த இரண்டையும் உருவாக்கிய ஆலி கவன்ஸ் இதே பிட்லாக்ரிக்காரர். இன்று சால்மன் ஆறுகள் பலவற்றில் இவை இல்லாத பெட்டியைப் பார்ப்பது அரிது. எனக்கு மே மாதத்தில் கஸ்கேட் போதும், வேறு எதையும் கட்டுவதில்லை.

மடுவின் தலைப்பில் தொடங்குங்கள். ஓட்டத்துக்குக் குறுக்காக, சாய்வாகக் கீழ்நோக்கி வீசி, லைன் ஓட்டத்தில் வில்லாக வளையாதபடி அதைத் தூக்கி மேல்நோக்கிப் போடுங்கள். பிறகு எதுவும் செய்யாதீர்கள். ஃபிளை மெதுவாக அரைவட்டம் போட்டு உங்களுக்கு நேர் கீழே வந்து நிற்கும். அங்கே சில நொடி தொங்க விட்டு, இரண்டு முழம் இழுத்துவிட்டு எடுங்கள். பின்தொடர்ந்து வந்த மீன் அப்போதுதான் கவ்வுவது உண்டு. ஒரு கஜம் கீழே நகர்ந்து மறுபடி வீசுங்கள். இப்படி மடுவின் வால் வரை. முன்னால் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அவருக்குப் பின்னால்தான் நுழைய வேண்டும், கீழே போய் இடம்பிடிப்பது மரியாதையல்ல. ஆறு ஏறிக்கொண்டிருக்கும்போது நம்பிக்கை வேண்டாம். வெள்ளம் வடிந்து, நீர் தேநீர் நிறத்திலிருந்து தெளியத் தொடங்கும் சில மணி நேரங்களுக்காகக் காத்திருங்கள்.

மீன் வாய் வைத்தால் என்ன செய்வது என்பதில்தான் கிரேலிங் பழக்கம் தடையாகும். நிம்ஃபில் கற்ற அந்த வேகமான மணிக்கட்டு இங்கே ஃபிளையை மீனின் வாயிலிருந்து பிடுங்கிவிடும். சால்மன் ஃபிளையை எடுத்துத் திரும்ப வேண்டும், திரும்பும்போதுதான் முள் வாயோரத்தில் பதியும். கோலைத் தாழ்வாகப் பிடித்து, லைன் கையிலிருந்து தானாக ஓட விடுங்கள். எடை முழுதாக உணர்ந்தபின் நிதானமாக உயர்த்துங்கள். மச்சானுக்கு நான் சொல்லிக்கொடுத்தது: இழுப்பு தெரிந்ததும் வாய்விட்டு "முருகா" என்று நிறுத்திச் சொல்லுங்கள், சொல்லி முடித்தபின் கோலைத் தூக்குங்கள். அவர் இன்றும் அப்படியே செய்கிறார்.

டே ஆற்றின் பெரும்புகழ் 1922 அக்டோபர் 7 அன்று கபூத் அருகே ஜார்ஜினா பாலண்டைன் பிடித்த 64 பவுண்டு சால்மன். தூண்டிலில் பிடிபட்ட பிரிட்டிஷ் சாதனை இன்றுவரை அதுதான். அது ஃபிளையில் அல்ல, இரைமீனில் மாட்டியது. அந்தக் காலத்து வளம் இப்போது இல்லை. 1952-இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து ஸ்காட்லாந்தில் தூண்டிலில் மிகக் குறைவாகச் சால்மன் பிடிபட்ட ஆண்டு 2023. அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டனின் சால்மன் அழியும் ஆபத்துள்ள இனமாக வகைப்படுத்தப்பட்டது. ஏப்ரல் 1-க்கு முன் பிடித்த சால்மனைக் கொல்வது சட்டப்படி தடை. அதன் பிறகும் ஆற்றின் தரநிலையையும் சங்க விதியையும் பொறுத்தது. நான் எந்த மாதத்திலும் எதையும் கொல்வதில்லை, நீங்களும் அப்படியே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சமைக்க வேண்டுமென்றால் கடையில் பண்ணை மீன் இருக்கிறது.

விடுவிப்பதைச் சரியாகச் செய்யுங்கள். போதுமான வலுவுள்ள நரம்பு கட்டினால் மீன் களைத்துச் சாகும்வரை போராட வேண்டியிராது; நான் 15 பவுண்டுக்குக் குறைத்துக் கட்டுவதில்லை. முடிச்சில்லாத கைவலைக்குள், தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றுங்கள். வாலைப் பிடித்துத் தொங்க விடாதீர்கள். தலை ஓட்டத்தை எதிர்நோக்கியிருக்க நிமிர்த்திப் பிடித்து, அது தானே வாலை அடித்துப் போகும்வரை காத்திருங்கள். கிரேலிங்குக்கு இது இன்னும் அவசியம்: சுழன்று சுழன்று போராடும் மீன் அது, தளர்ந்ததும் பக்கவாட்டில் சாய்ந்துவிடும், அவசரப்பட்டு விட்டால் மீளாது. உறைபனி நாளில் காற்றில் தூக்கினால் செவுள் பாதிக்கும். கோடையில் தண்ணீர் 20 பாகையை நெருங்கினால் கோலை மடக்கிவிடுங்கள்.

வீடு திரும்பியதும் வேடர், காலணி, கைவலை மூன்றையும் கழுவி முழுதாகக் காய வையுங்கள். கைரோடாக்டிலஸ் சலாரிஸ் என்ற ஒட்டுண்ணி நார்வேயின் பல ஆறுகளில் சால்மன் குஞ்சுகளை அழித்தது. பிரிட்டனில் இதுவரை இல்லை. ஈரமான காலணியில்கூட அது பயணம் செய்யும். நார்வேயிலோ ஸ்வீடனிலோ தூண்டில் போட்டுவிட்டு டம்மலுக்கு வருவதாக இருந்தால், கொண்டுவரும் சாமான் அத்தனையையும் கிருமிநீக்கம் செய்துவிட்டு வாருங்கள். சில பீட்களில் அதற்கான சான்றும் கேட்பார்கள்.